முகத்துக்கு அடுத்த ஷாட்

மனதுக்குள் ஓடுவதை முகம் சொல்வதில்லை, அடுத்து ஒட்டும் ஷாட்தான் சொல்லும் என்பது ரிச்சர்ட்ஸ் டவுன் சினிமா எடிட்டர் ஸ்னேஹாவுக்கு அத்துப்படி. நாயகனின் வெற்று முகத்துக்கு அடுத்து சோற்றுத் தட்டை வைத்தால் அவன் பசித்தவன். பிணத்தை வைத்தால் கொலைகாரன்.

பிணக் காட்சி இன்னும் எடுக்கப்படவில்லை. எடிட்டர்களின் வழக்கப்படி தற்காலிகமாக ஒட்டுவதற்கு, அவளே பிணம்போல் தரையில் படுத்து மொபைலில் எடுத்துக்கொண்டாள்.

அதை ஒட்டி ஓட்டிப் பார்த்ததும் நாயகனின் அந்த வெற்று முகம் மூச்சிரைத்தது. அடுத்த ஷாட்டில் ஸ்னேஹாவின் மண்டை பிளந்திருந்தது.

“ரத்தம் எப்போ ஊத்துனீங்க?” என்றார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த டைரக்டர் ஸ்ரீகண்டன்.

“ஊத்தவே இல்ல சார்.” பின்னந்தலையைத் தொட்டாள். விரல்கள் சிவந்தன. “இதை அழிச்சிடறேன்.”

“அய்யோ, வேணாம்மா! சக்கத்தா இருக்கு, சூப்பர்! இன்னொரு வாட்டி ஓட்டுங்க.”

ஸ்னேஹா இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். ஸ்ரீகண்டனே எட்டி ப்ளே பட்டனை அழுத்தினார்.