ரொம்ப ஸ்லோ

“உங்க பொண்ணு ரொம்ப ஸ்லோங்க. டி.சி. வாங்கிட்டுப் போயிருங்க.”

தாளாளர் நவநீதகிருஷ்ணன் பட்டென்று சொல்லிவிட்டார். நாமக்கல்லில் பெரிய ஹாஸ்டல் பள்ளிக்கூடம். வருஷா வருஷம் நூற்றுக்கு நூறு ரிசல்ட். அது எப்படி வருகிறது என்று இப்போது புரிந்திருக்குமே!

கெங்கவல்லியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த விவசாயி சென்றாயன் கையெடுத்துக் கும்பிட்டார். பிளஸ் டூ படிக்கும் மகள் ரஞ்சிதா பக்கத்தில் நின்றாள்.

“பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் சார் இருக்கு. இப்ப எந்த ஸ்கூல்ல சேத்துக்குவாங்க? இவ படிப்பே நின்னுடும் சார்!”

“அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்? கம்ப்யூட்டர்ல தொண்ணூறு கேள்வி டெஸ்ட்டு. இவ அறுபதைத் தாண்ட மாட்டேங்கறா.”

“விடை தெரியும் சார்,” என்றாள் ரஞ்சிதா. “அடுத்த கேள்வி ஸ்கிரீன்ல வர்றதுக்கே நேரமாகுது.”

“மெஷின் மேல பழி போடாதம்மா. மூளை வேகமா இருந்தா மெஷின் தானா ஓடும்.”

ஆகா, என்ன ஒரு விஞ்ஞானம்!

டி.சி. அடிக்கத் தன் மேஜைக் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“பாரப்பா முபஷிர், இதே ரோதனை! இதுக்குத்தான் உன்னைய வரச்சொன்னேன்.”

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற கம்ப்யூட்டர் கடை முபஷிர் ஏற்கெனவே பெட்டியைக் கழற்றிப் பார்த்திருந்தார்.

“ப்ராசஸருக்குள்ளயே கேஷ் மெமரின்னு கொஞ்சம் இடம் இருக்கு சார். அடிக்கடி வேணுங்கறத அதுலயே வெச்சுக்கும். அடுப்புப் பக்கத்துல உப்பு, மொளகா டப்பா வெச்சுக்கற மாதிரி. இதுல அந்த இடம் ரொம்பச் சின்னது. ஒவ்வொண்ணையும் தூரப் போய்த் தேடி எடுத்தாரணும். கேஷ் பெருசா, வேகமா இருந்தா பறக்கும்.”

தாளாளர் முகம் மலர்ந்துவிட்டது.

“நான் அப்பவே நெனச்சேன்! நான் டக்கு டக்குன்னுதான் தட்டறேன். மெஷின் இழுத்தா மனுசன் என்னங்க பண்ணுவான்?”

இதைச் சென்றாயனிடமே கேட்டார். பாவம், அவரும் தலையாட்டினார்.

“பெரிய கேஷ் இருக்கறதா பாத்து புதுசு ஒண்ணு இன்னைக்கே மாட்டிரு முபஷிர்.”

அதற்குள் டி.சி. ஒருவழியாக அச்சாகி வந்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினார். ரஞ்சிதா வாய்விட்டு அழுதேவிட்டாள்.

அப்பாவும் மகளும் வாசலைத் தாண்டவில்லை, முபஷிர் கேட்டார்.

“இந்தப் பழைய மெஷினத் தூக்கிப் போட்டுரலாமா சார்?”

“தூக்கிப் போடறதா? நல்லாச் சொன்ன போ! எப்பவும் போல லேப்ல கொண்டுபோய் வெச்சிரு. பசங்க டெஸ்ட்டு எழுத இது போதும்.”