பக்கத்துக் குழாய்

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் ஊழியர்கள் கை கழுவும் அறைக்குள் நுழைந்ததும் லீவர்காரன் கதவைச் சாத்தினான். உள்ளே இருந்த மூன்று கழிவறைகளின் கதவுக்கு அடியிலும் குனிந்து பார்த்தான். கால் எதுவும் தெரியவில்லை. பையிலிருந்து, கனிந்து கறுத்துப்போன வாழைப்பழம் ஒன்றை எடுத்தான்.

அங்கே இரண்டே தொட்டிகள். ஒன்றில் அவன் கம்பெனிக் குழாய். முழங்கையால் தட்டித் திறக்கிற நீள லீவர் வைத்தது. அதை விற்க வந்ததால் அவனுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றில் போட்டிக் கம்பெனிக் குழாய். கையை நீட்டினால் தானே தண்ணீர் விடும். அதை விற்க வந்தவன் சென்சார்காரன்.

ஆஸ்பத்திரியின் அத்தனை கழிவறைக்கும் குளியலறைக்கும் குழாயும் ஷவரும் புதிதாக மாற்றப் போகிறார்கள். யாருடையதை வாங்குவது என்பது தொற்றுத் தடுப்பு நர்ஸின் கையில். அவரைக் 'கிருமி மேடம்' என்று சொன்னால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும்.

"உங்க புஸ்தகத்துல எல்லாக் குழாயும் சுத்தமாத்தான் இருக்கும். ஆளுக்கு ஒண்ணு மாட்டுங்க. ஒரு வாரம் ஜனங்க புழங்கட்டும். வெள்ளிக்கிழமை பஞ்சால துடைச்சு லேபுக்கு அனுப்புவேன். எதுல கிருமி கம்மியோ அதுக்குத்தான் ஆர்டர்" என்று சொல்லிவிட்டார்.

"ஆர்டர் வரலேன்னா நீயும் வராதே" என்று லீவர்காரனின் மேனேஜர் சொல்லிவிட்டார்.

வேலை போனால் மனைவியோடு மாமியார் வீட்டில் போய் உட்கார வேண்டும். அந்த மாமியாருக்குத்தான் இந்த மாடியில் துப்புரவு வேலை. பிளீச்சிங் பவுடரில் வெந்து விரல் நுனியெல்லாம் வெடித்த கை. அந்தக் கையால் போடுகிற சோற்றை வேலை இல்லாத மாப்பிள்ளையாக ஒரு வேளை தின்னலாம். இரண்டாவது வேளைக்குள் பேச்சு தொடங்கிவிடும்.

திங்கட்கிழமையே அவளிடம் நைச்சியமாகக் கேட்டுப் பார்த்தான்.

"அத்தை, நம்ம குழாயைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க."

"வீட்டுலதான் நீங்க மாப்ள. இங்க எனக்கு எல்லாக் குழாயும் குழாய்தான். ஓரமா நில்லுங்க, தரை ஈரம்."

அதற்குப் பிறகுதான் வாழைப்பழம்.

பழத்தை நசுக்கிச் சென்சார் குழாயின் வாயில் திணித்தான். கழுத்தில் அப்பினான். பிறகு பக்கத்துத் தொட்டிக்கு வந்து, கைக்குட்டையால் தன் குழாயை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தான். நெற்றிக்கும் பிடரிக்கும் ஜலதோஷத்துக்கும் அவனிடம் இருந்தது அந்த ஒரே கைக்குட்டைதான்.

மத்தியானம் எட்டிப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சென்சார் குழாய் கல்யாணப் பெண் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"ஓகோ, துடைக்க ஆள் வச்சிருக்கியா?" என்று பல்லைக் கடித்தான். அன்றே இன்னும் இரண்டு தடவை அப்பினான்.

செவ்வாய்க்கிழமை திரிந்த பால். புதன்கிழமை ஜாம். வியாழக்கிழமை தன் இடது கால் சாக்ஸையே கழற்றித் தேய்த்தான். தினம் மூன்று வேளை, டாக்டர் எழுதிக் கொடுத்த மாதிரி, தவறாமல். ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்தால் குழாய் பளிச்!

வராந்தாவில் சென்சார்காரன் எதிர்ப்பட்டான்.

"என்ன தலைவரே, வயிறு சரியில்லையா? எப்பப் பார்த்தாலும் அந்தப் பக்கமே போறீங்க!"

"நீ எங்கே போறே?"

"கேண்டீனுக்கு. நம்ம குழாய் தானாத் திறக்கும், தானா மூடும். எனக்கு அங்க என்ன வேலை?"

திருட்டு முழி முழிக்கிறான் பார் என்று லீவர்காரன் நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கிருமி மேடம் பஞ்சோடு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், பூந்தொட்டிச் சேற்றை அள்ளி வந்து கடைசிப் பூச்சும் பூசினான். தன் குழாய்க்குக் கடைசித் துடைப்பும் துடைத்தான்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். கிருமி மேடம் லேப் காகிதத்தைப் பிரித்தார்.

"சென்சார் குழாய். கிருமியே இல்ல. ஆபரேஷன் கத்திகூட இவ்வளவு சுத்தமா இருந்து நான் பார்த்ததில்ல."



"லீவர் குழாய்..." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல என்னய்யா கிருமி மாநாடா நடந்துச்சு?"

"சதி மேடம்!" லீவர்காரன் மேசையைத் தட்டினான். "இவன்தான்! ரகசியமா வந்து என் குழாயில அசிங்கத்தைப் பூசியிருக்கான்! விசாரிங்க மேடம்!"

"நான் அந்த ரூம் பக்கமே போகல" என்றான் சென்சார்காரன்.

"யாரு போனாங்கன்னு துடைக்கிறவங்களுக்குத் தெரியும்" என்று மேடம், வராந்தாவில் துடைப்பத்தோடு நின்ற மாமியாரை உள்ளே கூப்பிட்டார்.

லீவர்காரனுக்கு உயிர் வந்தது. பெற்ற மகளுக்காகக்கூடப் பொய் சொல்லாத பொம்பளை. இவள் வாயாலேயே வரட்டும்.

"அத்தை, நீங்க யாருக்கும் பயப்பட வேணாம். போன வாரம் எவனாவது குழாயில அசிங்கம் பண்ணினானா, இல்லையா?"

"பண்ணினான்."

"கேட்டீங்களா மேடம்!"

மாமியார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த எரிச்சலோடு சொன்னாள்:

"உங்க குழாய்ல இல்ல மாப்ள, அது பளபளன்னு இருந்ததால நான் கையே வைக்கல, பக்கத்துக் குழாயிலதான் எவனோ ஒரு தறுதலை தினம் மூணு வேளை எதையாவது அப்பிட்டுப் போனான், துப்புரவு மேஸ்திரி தர்ற ஒரு பாட்டில் கிருமி மருந்து முழுசையும் நானும் மூணு வேளை அதுலயே ஊத்தி ஊத்தித் தேய்ச்சேன்."