கடைசி பெஞ்சின் ஜன்னல்

கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாய்க்குக் கண் சொக்கியது. வெளியே தாமிரபரணி வெயிலில் மினுங்கியபடி நகர, மனமும் அதோடு மிதந்து போனது.

“சார் பாக்காரு,” என்று பக்கத்திலிருந்த பிரியதர்ஷினி இடித்தாள்.

மகேஸ்வரன் சார் கேட்டார்: “போர்டுல என்ன எழுதியிருக்கு?”

ஆவுடைத்தாய் எழுந்தாள். “தெரியல சார்.”

வகுப்பே சிரித்தது. சார்தான் நெளிந்தார். “மன்னிச்சிருங்க எச்.எம். டீச்சர். ஆசிரியர் பயிற்சிக்கு மானியம் வந்ததும், அதுல ஒரு பகுதியா நாமளும் ஒருநாள் பிள்ளையளோட பிள்ளையளா வகுப்புல உக்காந்து பாப்போம்னு நீங்கதான சொன்னீய.”

தலைமையாசிரியைக்கு உண்மையாகவே தெரியவில்லை. வெயில் பட்டு, போர்டு முழுக்க வெறும் பளபளப்பு. இதே இடத்திலிருந்து ஆற்றையே பார்க்கிறாள் என்று நேற்று பிரியதர்ஷினியை வெளியே நிறுத்தியவளும் அவள்தான்.

“நேத்தே சொல்லியிருக்கலாம்லா ஏட்டி?”

“சொன்னேனே டீச்சர். இங்கன இருந்தா ஆறு மட்டுந்தான் தெரியுதுன்னு.”