காலனுக்கு எத்தனை மைல்?

"வாயில்லாமல் குடிக்கும், காலில்லாமல் ஓடும். அது என்ன?"

"நம்ம கார்தான் அப்பா!" என்றாள் சிறுமி ஞானசெல்வி.

"சரி. அது குடிக்கிறதை யாரு திருடுதா? அதுதான் தெரியலை" என்றார் ராசையா, டிரைவர் காஜா மொய்தீனின் பிடரியைப் பார்த்தபடி.

யுத்த காலம். கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல். ஒரு காலன் பெட்ரோலுக்கு இருபத்தைந்து மைல் ஓடிய கார், கொஞ்ச நாளாக இருபதைத் தாண்டவில்லை. ராயபுரத்துக் கருப்பட்டி மொத்த வியாபாரியான ராசையாவுக்கு அது பொறுக்கவில்லை. மகளை முன்சீட்டில் உட்காரவைத்து, பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். தாமும் பின்னால் ஏறிக்கொண்டார்.

"வே மொய்தீன், இன்னைக்கும் கணக்கு இடிச்சா சாவியைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிரும்."

"சரிங்க மொதலாளி."

பெட்ரோல் திருடினவன் என்று பெயர் வாங்கியவனை வேறு யார் டிரைவராக வைத்துக்கொள்வார்கள்? மொய்தீன் காரை மெதுவாகவே ஓட்டினார்.

"முள்ளு எங்கே இருக்கு, செல்வி?"

"அசையவே இல்லை அப்பா."

ரயில் பாலத்து ஏற்றத்தில், கருப்பட்டிச் சிப்பங்கள் ஏற்றிய கைவண்டி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. இழுப்பவன் பரசுராமன் ஒருவன்தான். காரின் சத்தம் அவனுக்குப் பழக்கம். திரும்பிப் பார்க்காமலே கத்தினான்.

"வந்துட்டியா பாய்? டெய்லி மாரி பம்பரால முட்டி மேல ஏத்திவுடு நைனா! காலு வழுக்குது!"

மொய்தீன் பிரேக்கை மிதித்தார்.

"எல்லாம் உன் மொதலாளி சரக்குதான்! தள்றதுக்கு இன்னோர் ஆளு போடுன்னா, தண்டக்கூலின்னுட்டான் அந்தக் கஸ்மாலம்!"

ராசையா கனைத்துக்கொண்டார். சிப்பங்களில் அவர் கடை முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

"ஹாரனை அடிச்சு ஒதுக்கிட்டுப் போவே. முட்டித் தள்ளினா பெட்ரோல் என்னத்துக்கு ஆகும்?"

மொய்தீன் கண்ணாடியில் முதலாளியைப் பார்த்தார். பிறகு கைவண்டியைப் பார்த்தார். ஹாரன் பக்கம் கை போகவில்லை.

"செல்வி, நீ முள்ளைப் பாரு!"

ஞானசெல்வி கதவைத் திறந்து இறங்கினாள். கைவண்டிக்குப் பின்னால் போய், சிப்பத்தில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினாள்.