ஒருமைச் சொல்

அவர் நாடகப் பிரதியை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

ஒத்திகைக்கு வந்த மற்ற மாணவர்கள் போய்விட்டார்கள். இவாஞ்சலின் மட்டும் தன் பிரதியோடு மேடையோரம் நின்றாள்.

"சார், எக்ஸிட்னா வாசல்தான? இங்க ஏன் என் பாத்திரத்தோட பேருக்கு முன்னால போட்டிருக்கு?"

முப்பது வருடங்களாக ஆங்கிலம் கற்பிப்பவர். பதில் தானாக வந்தது.

"வாசல்ங்கிற அர்த்தம் பிற்பாடு வந்தது. முதல்ல அது நாடகக் குறிப்பு. லத்தீன். இவ இப்ப வெளிய போறான்னு அர்த்தம். ஒரு ஆளுக்கு மட்டும்தான்."

"ரெண்டு பேர் போனா?"

"அதுக்கு வேற சொல். எக்ஸியுன்ட்."

சொன்னதும் மேடை விளக்குகளை அண்ணாந்து பார்த்தார்.

இதே இடத்தில்தான் பழைய அரங்கம் இருந்தது. பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு மாலை. மேடை விளக்குகளைச் சரிபார்க்க அவரும், உடன் வேலை பார்த்த ரூபாவும் மட்டும் இருந்தார்கள். ஒரு விளக்கு வெடித்தது. திரை பற்றிக்கொண்டது.

அவர் பக்கக் கதவு வழியாக ஓடிவந்தார்.

ரூபா வரவில்லை.

அதன் பிறகு எந்த அறையிலிருந்தும் அவர் கடைசியாகத்தான் கிளம்புவார். அப்படியும் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்கும்.

இவாஞ்சலின் ரூபாவின் அக்கா மகள். அவள் கல்லூரியில் சேர்ந்த அன்றே அவருக்கு அது தெரியும். அந்த வீட்டுப் பக்கம் அவர் ஒருமுறைகூடப் போனதில்லை.

"சித்தி நெனப்பா சார்?" என்றாள். "பொகைக்குள்ள நின்னு நீங்க மூணு தடவ சித்திய கூப்பிட்டீங்கன்னு அம்மா சொல்லுவாங்க. அது ஒண்ணுதான் அவங்களுக்கு ஆறுதல்."

மூன்று தடவை.

போலீசாரிடம் அவர்தான் அப்படிச் சொல்லியிருந்தார்.

"கூப்பிடல," என்றார்.

பிரதியை மேடைமேல் வைத்தார்.

"திரும்பியும் பாக்கல. கதவு தெரிஞ்சுது. போயிட்டேன்."

அழுவாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று காத்திருந்தார்.

அவள் செல்போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அவரிடம் நீட்டினாள்.

"அம்மாட்ட நீங்களே சொல்லுங்க."

வாங்கிக்கொண்டார். காதில் வைத்தார்.

மறுமுனையில் எடுத்தார்கள்.

ரூபாவின் குரல். அதே கரகரப்பு. அக்கா தங்கைக்குக் குரல் இத்தனை ஒத்துப்போகும் என்று அவர் நினைத்ததில்லை.

மகள்தான் அழைக்கிறாள் என்று எண்ணி அந்தக் குரல் கேட்டது.

"என்னட்டீ, வெளிய வந்துட்டியா?"

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"இல்ல," என்றார்.