சிண்டனின் வால்

குரங்குப் பள்ளிக்கூடத்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவன் வாலை இழுக்காமல் யாருக்கும் பாடம் ஏறாது. ஆனால் சிண்டன் தன் அம்மாவைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்த அன்று, அவன் வாலை ஒருத்தரும் தொடவில்லை.

எல்லாம் தேவாங்கு டீச்சர் போட்ட உத்தரவு. "பாவம், பிள்ளை மனசு நோகும். அம்மா என்ற பேச்சே இங்கே வரக்கூடாது!"

அதனால் அரிச்சுவடிகூட 'அ, அம்மா'வைத் தாண்டிக் குதித்து 'ஆ, ஆடு' என்று ஆரம்பித்தது. ஆளாளுக்கு வாழைப்பழம் நீட்டினார்கள். சிண்டனுக்கு வயிறு உப்பியதுதான் மிச்சம்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன், பின்னால் இருந்த செங்கியின் மூக்குக்கு நேரே வாலை ஆட்டினான். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி, என் வாலும் செத்துப்போச்சா?"

செங்கி டீச்சரைப் பார்த்தாள். வாலைப் பார்த்தாள். குரங்குக் கை சும்மா இருக்குமா? பிடித்து ஒரே இழுப்பு!

"ஐயோ, அம்மா!"

டீச்சர் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டார். சிண்டன் அழுதான். அன்றைக்குத்தான் முதல்முதலாக, விக்கி விக்கி அழுதான்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாலை மறுபடியும் பின்னால் நீட்டினான்.

"இன்னொரு தடவை இழுடி."