பங்கேற்பாளர் ஏழு

பிரசவ அறைக்குள் என் மகள் நிலவரசி வலியில் கத்தினாள். மனிதத் துணைக்கு அனுமதி இல்லை என்று என்னை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே துணைக்கருவி ஒரு பெண்ணின் குரலில் பேசியது: "பயப்படாத தாயி. ஒன்ன விட்டு எங்கயும் போகமாட்டேன்."

வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஒச்சம்மா நிமிர்ந்தாள். முன்பு இதே வார்டில் ஆயாவாக இருந்தவள். பன்னிரண்டு ஆண்டுகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிரசவ வலியில் இருக்கும் பெண்களிடம் அவள் பேசியதையெல்லாம் ஒலிப்பதிவு செய்துதான் நான் சமூகவியல் பேராசிரியர் ஆனேன். கூடவே ஒருத்தி இருந்து பேசினால் பிரசவம் எளிதாகிறது என்று நிரூபித்தேன். நிர்வாகம் அப்படியே ஏற்றுக்கொண்டது. என் பதிவுகளைக் கருவிக்குள் ஏற்றிவிட்டு, ஆயாக்களைத் தரை துடைக்க அனுப்பியது.

"டீச்சர், இது என் குரல்தான? சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாக. ஒங்க புத்தகத்துல என் பேரு இருக்கும்ல? அதக் காட்டுங்க."

இல்லை. தகவல் தந்தவரின் பெயரை மறைப்பது ஆய்வு நெறி. நான் நெறி தவறாதவள். என் புத்தகம் முழுக்க அவள் 'பங்கேற்பாளர் ஏழு'.

நிலவரசி மறுபடி அலறினாள். ஒச்சம்மா மாப்பைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினாள். செக்யூரிட்டி மறித்தார்.

"புள்ள பயப்படுது சார்."

"அதான் உள்ள தொணை இருக்குல்ல? போம்மா."

"என் கையப் பிடிச்சுக்க தாயி," என்றது உள்ளே அவள் குரல்.

வெளியே ஒச்சம்மா ஈரக் கையை அவசரமாகச் சேலையில் துடைத்தாள்.